காடாத் துணியும் துளசிமணி வீட்டு ஆறும்

துளசிமணி வீட்டு மீன்தொட்டிக்குள் ஆறு வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். பில்டரின் சத்தம் ஏன் மாறியிருக்கிறது என்று பல்லைத் துலக்கிக்கொண்டே அவள் எட்டிப் பார்த்தபோது, அந்த ரெண்டடித் தொட்டியின் இடது கண்ணாடிக்குள்ளிருந்து தண்ணீர் புறப்பட்டு, அவசரமில்லாமல் நடந்து, வலது கண்ணாடிக்குள் புகுந்து போய்க்கொண்டே இருந்தது. ஒரு சொட்டு தரையில் சிந்தவில்லை, மேசை நனையவில்லை, ரெண்டு தங்கமீன்களும் எதிர்நீச்சல் போட்டு நின்ற இடத்திலேயே நின்றன. தண்ணீர் கருநீலமாக இருந்தது, அழுகின முட்டையும் சலவை சோடாவும் சேர்ந்த நாற்றம் அடித்தது, அந்த நாற்றத்தை வைத்தே வந்திருப்பது யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிற அதே ஆறுதான். "உனக்கு என்ற ஊடுதான் கெடைச்சுதாக்கும்" என்று சொல்லிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, பில்டரைக் கழற்றினாள். உள்ளே இருந்த ஸ்பாஞ்சு கருநீலச் சேறாகக் கையோடு பிய்ந்து வந்தது.

துளசிமணி பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறவள். புருசன் வேறொருத்தியோடு வேறொரு ஊருக்குப் போனபோது ஒரு பொட்டுக் கண்ணீர் விடாமல், "போறதுதான் போறீங்க, அந்தச் செருப்பையும் எடுத்துட்டுப் போங்க, தடுக்குது" என்றவள். அந்த வருசத் தீபாவளி போனஸில், ஒத்தைப் பொம்பளைக்கு எதற்கடி மீன்தொட்டி, ஒரு பீரோ வாங்கு, ஒரு குண்டுமணித் தங்கம் வாங்கு என்று ஆளாளுக்குச் சொன்ன புத்தியையெல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டு, தொட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். நாளெல்லாம் ஊசியையே பார்த்துப் பூத்துப்போன கண்ணுக்கு, தையல் இல்லாத ஒன்று அசைவதைப் பார்க்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான் காரணம், அதற்குமேல் யாருக்கும் அவள் விளக்கம் சொன்னதில்லை. அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது அந்தத் தொட்டி ஒன்றுதான்.

லைன் வீட்டு ஜனம் மொத்தமும் வந்து பார்த்தது. ஆறு ஏன் வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வீடு தேடி வந்த ஒறம்பரையை, விருந்தாளியை, ஏன் வந்தாய் என்று கேட்கிற பழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது, எப்போது கிளம்புவாய் என்று கேட்பது அதைவிடக் கேவலம். பக்கத்து வீட்டு ஜெசிந்தா, திண்டுக்கல் பக்கமிருந்து பிழைக்க வந்து பேக்கிங்கில் பெட்டி அடுக்குகிறவள், குனிந்து மூக்கைச் சுருக்கிவிட்டு, "இதுக்கு என்னக்கா சாப்பாடு போடுவீங்க?" என்று மட்டும் கேட்டாள். மூலை வீட்டுச் சகுந்தலா தொட்டியில் கை விட்டுப் பார்க்கையில் கால் மெட்டியைத் தவற விட்டாள். கால் மெட்டி கைக்கு எப்படி வந்தது என்று கேட்டால் அது தனிக்கதை. மெட்டி வலது கண்ணாடிக்குள் போய் மறைந்தது, அந்த வார முடிவில் கீழ்ப்பக்கத்து ஊரில் இருக்கிற அவள் தங்கச்சி போன் போட்டு, "அக்கா, உன்ற மெட்டி எங்க ஊட்டு வாளிக்குள்ள கெடக்குது, தண்ணி மோக்கும்போது பாத்தேன், வந்து எடுத்துட்டுப் போ" என்று சொன்னதும் எல்லோருக்கும் நம்பிக்கை உறுதியாகிவிட்டது. குழந்தைகள் காகிதக் கப்பல் விட்டன. வேலைக்குப் போகிற பெண்கள் ஜன்னல் வழியாக, "இன்னைக்கு எப்படியக்கா இருக்குது?" என்று காய்ச்சல்காரியை விசாரிப்பதுபோல விசாரித்துவிட்டுப் போனார்கள். பாலத்தடியில் வெறும் மணல்தான் கிடந்தது, நாற்றம் போச்சே என்று ஊர் சந்தோசப்பட்டதே தவிர ஆறு எங்கே என்று ஒருத்தர் தேடவில்லை. சாயப்பட்டறைக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் குழாயைத் திறந்துவிட்ட சாயத் தண்ணீர் மணலைத் தொடுவதற்கு முன்னால் காணாமல் போய், நேராகத் துளசிமணி வீட்டுத் தொட்டிக்கு வந்து சேர்ந்தது.

தங்கமீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கத் தொடங்கின. ஆற்றின் நடையும் தள்ளாடியது. சில நேரம் பாதித் தொட்டியில் நின்று, இளைப்பாறி, மறுபடி நகர்ந்தது. துளசிமணி அந்த ஸ்பாஞ்சுக் கிழிசலை ஒரு கவரில் போட்டுக்கொண்டு ரஹ்மத்துல்லாவின் மீன் கடைக்குப் போனாள்.

ரஹ்மத்துல்லா கிழிசலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இதென்னக்கா, மீனு வளக்கறீங்களா, சாயம் போடறீங்களா?"

"ஆறு வந்திருக்குதுண்ணா."

அவர் அலமாரியை மேலும் கீழும் பார்த்தார். "ஆத்துக்குன்னு தனியா கம்பெனில பில்டர் வர்றதில்லீங்க்கா. அஞ்சடித் தொட்டி வரைக்கும்தான் போடறாங்க" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, இருந்ததில் பெரியதாகப் பார்த்து எடுத்து வைத்தார். கம்பெனி ஸ்பாஞ்சு ஒன்று, பீங்கான் வளையம் ஒரு பாக்கெட், கரி ஒரு பாக்கெட். "இந்தப் பாரத்துக்குத் தினமும் மாத்தோணும்."

விலையைக் கேட்டதும் துளசிமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு நாள் ஸ்பாஞ்சுக்கு அவளுடைய ஒரு நாள் சம்பளம் போதாது. "ஏண்ணா, நானு மிஷின்ல உக்கார்றது இந்தப் பஞ்சுக்குத் தீனி போடறதுக்கா? போங்ண்ணா, இதுக்கு ஒரு வழி இல்லாமயா போயிரும்?" என்று எழுந்துவிட்டாள். ரஹ்மத்துல்லா நல்ல மனுசன், வியாபாரம் போனாலும் பரவாயில்லையென்று வாசல்வரை வந்து, ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினார்: "அழுக்கைப் பிடிக்கறது துணி, அதைத் திங்கறது கண்ணுக்குத் தெரியாத பூச்சி. அதுக்குக் குடியிருக்க எடம் வேணுங்க்கா. அதை மட்டும் கொன்னுபோடாதீங்க."

அப்புறம் அந்த லைன் வீடுகளில் நடந்த கூத்து இருக்கிறதே! பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரைப் போட்டார்கள், அது பச்சையைக் கக்கியது. பீர்க்கங்கூட்டைக் காயவைத்துப் போட்டார்கள், நாலாம் நாள் அழுகி ஆற்றைவிட மோசமாக நாறியது. ஜெசிந்தா தன் கல்யாணத் தலையணையைக் கிழித்து இலவம்பஞ்சைக் கொண்டு வந்தாள், அது முங்க மாட்டேனென்று தொட்டி முழுக்க மிதந்து, மீன் ரெண்டும் அதற்குள் சிக்கி, துளசிமணி சீப்பை வைத்து வாரி எடுத்தாள். கடைசியில் ஒருத்தி கையைத் தட்டினாள்: "அட கிறுக்குகளா, பனியன் ஊர்ல இருந்துட்டு நாரைத் தேடறோமே! கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாக் கெடக்குதல்ல?"

அங்கேதான் அத்தனை பேரும் சேர்ந்து ஒரு தப்புச் செய்தார்கள், அந்த ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. எந்தத் துணியைப் போடுவது என்ற பேச்சே எழவில்லை. வெள்ளைதான். வெள்ளைத் துணியைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவித் துடைத்து, ஒரு புள்ளி எண்ணெய் பட்டால் மொத்தப் பீஸும் ரிஜெக்ட் என்று திட்டு வாங்கி, பாதி ஆயுசை வெள்ளைக்குப் பயந்தே கழித்த ஜனம் அது. வெள்ளையைவிடச் சுத்தம் இந்த உலகத்தில் இன்னொன்று உண்டென்று அவர்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? ஏற்றுமதிக்கு ஓடின பால்வெள்ளைத் துண்டுகளாகப் பொறுக்கி, சோப்புப் போட்டு இன்னொரு தரமும் அலசி, பில்டர் பெட்டியில் அடைத்து, மோட்டாரைப் போட்டுவிட்டு, எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் துளசிமணி கதவைத் திறந்தபோது தொட்டியின் மேலே நுரை நின்றது. மீன்கள் ரெண்டும் ஒருக்களித்துக் கிடந்தன. ஆறு நின்றுபோயிருந்தது. நடக்கவில்லை, சலசலக்கவில்லை, ஒரு தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் எப்படி நிற்குமோ அப்படி நின்றது. அவள் கையை விட்டு அந்த வெள்ளைத் துணியை உருவி மூக்கில் வைத்தாள். பிளீச்சிங் வாசம். அவள் விரலிலும் தாலிக் கயிற்றிலும் சோற்றிலும் இத்தனை வருசம் ஒட்டிக்கிடந்த வாசம், ஒட்டிக்கிடந்ததாலேயே வாசமென்று தெரியாமல் போன வாசம். மீன்களைப் பழைய தண்ணீர் இருந்த குண்டானுக்கு மாற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அவள் அழுதாள். புருசன் போனபோது அழாததையும் சேர்த்து அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு ஆத்திரத்தோடு கண்ணாடியைத் தட்டினாள். "சாகறதுக்குத்தான் என்ற ஊடு தேடி வந்தியா? இந்த ஊர்ல அத்தனை பேருகிட்டயும் தோத்துட்டு இங்க வந்து சாவியா? உட்ருவனா நானு?"

அந்த ஆத்திரத்தோடு எழுந்து, மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டே, பின்தெரு நிட்டிங் கம்பெனிக்குப் போனாள். அங்கே வட்ட மிஷினிலிருந்து இறங்குகிற துணி சலவைக்கும் போகாதது, சாயத்துக்கும் போகாதது. பருத்திக்கொட்டைத் தூசி பொட்டுப் பொட்டாக ஒட்டிக்கொண்டு, பழுப்பேறின பல் நிறத்தில், காடாத் துணி என்று ஒதுக்கி மிஷின் துடைக்கப் போடுகிறது. ரோல் முடிகிற இடத்தில் வெட்டிப் போட்ட துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் ஒரு மூட்டை கேட்டாள். "இந்த அழுக்கு எதுக்கு கண்ணு?" என்று அந்தம்மா கேட்க, "அழுக்கு எடுக்கறதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

சோறாக்குகிற சட்டியில் வெறும் வெந்நீரில் போட்டுத் துணியின் மிஷின் எண்ணெயை எடுத்தாள். சோப்பு காட்டவில்லை. இடிந்த வீட்டிலிருந்து நாட்டு ஓடு பொறுக்கி வந்து, அவரைக்கொட்டை அளவுக்கு உடைத்து, பூச்சிகள் குடியிருக்க அடியில் பரப்பினாள். மேலே காடாத் துணியைத் திணிக்காமல், காற்றோட்டமாகச் சுருட்டி வைத்தாள். "அழுக்குத் துணியப் போட்டு ஆத்தக் கழுவறாளாமா" என்று சகுந்தலாகூட வாய்விட்டுச் சிரித்தாள். துளசிமணி மோட்டாரைப் போட்டுவிட்டு முன்னாலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். முதலில் நுரை உடைந்தது. பிறகு குண்டானில் கிடந்த மீன் ஒன்று வாலை அடித்தது. பிறகு இடது கண்ணாடியோரம் தண்ணீர் லேசாகச் சுளித்து, தயங்கி, ஒரு எட்டு வைத்து, இன்னொரு எட்டு வைத்து, நடக்கத் தொடங்கியது. அன்றைக்கு அந்த லைனில் எல்லா வீட்டிலும் பாயசம்.

மீன்களைத் தொட்டிக்கே திருப்பிவிட்டு, தினமும் துணி மாற்றினாள். புதுத்துணி நடுவில் பூச்சிகளுக்காகப் பாதிப் பழையதையும் விட்டுவைத்தாள், பழையதைப் பைப்புத் தண்ணீரில் காட்டாமல் ஆற்றுத் தண்ணீரிலேயே பிழிந்து எடுத்தாள். தண்ணீர் தெளியத் தெளிய அடியில் கூழாங்கல் தெரிந்தது, அவள் போடாத கூழாங்கல். எங்கிருந்தோ விரல்நகம் அளவு கெளுத்திக் குஞ்சுகள் வந்தன. வேலை விட்டு வந்த பெண்கள் அந்தச் சின்ன வீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்து சத்தமே போடாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ச்சை, சோறாக்கோணுமே" என்று எழுந்து போனார்கள்.

கழற்றின துணியை என்ன செய்வது? துணியைத் தூக்கி எறிகிற கையில்லை அது. தெருப்பக்கம் கட்டின கொடியில் காயப்போட்டாள். பழுப்பாகப் போன துணி ஒரு நாள் மெரூனாக வந்தது, ஒரு நாள் கிளிப்பச்சை, ஒரு நாள் ராயல் ப்ளூ, அதுவும் கொஞ்சநஞ்சமில்லை, பட்டறையில் முக்கி எடுத்தால்கூட அவ்வளவு அழுத்தமாகப் பிடிக்காது. கொடியைப் பார்த்த ஜெசிந்தா இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள். "அக்கா, இந்த மெரூனைத்தான் போன வாரமெல்லாம் நான் பெட்டியில அடுக்குனேன். கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன், இது நம்ம ஹவுஸ் ஓனரு பட்டறைச் சாயம்."

தெரு அதைப் பிடித்துக்கொண்டது. காலையில் வேலைக்குப் போகிற கூட்டம் கொடியைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறியது. சாயம் தெரியாதவன் அந்த ஊரில் யார் இருக்கிறான்? "இன்னைக்குக் கத்திரிப்பூ. நம்ம மேக்காலப் பட்டறையேதான்." "நேத்து ராத்திரி ரெண்டு பேரு தொறந்திருக்கறாங்க பாரு, மஞ்சளும் ஊதாவும் கலந்து கெடக்குது." கிழமைகள் மறந்து போயின. கிளிப்பச்சைக்கு மறுநாள் சீமந்தம் என்றார்கள், மெரூனுக்கு முந்தின நாள் வாங்கின கடன் என்றார்கள். காய்ந்த துணியைத் துளசிமணி வீணாக்கவில்லை, ஓவர்லாக் அடித்து லைன் வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் டவுசர் தைத்தாள். தெருவில் குழந்தைகள் ஓடினால் யார் யார் எதைத் திறந்துவிட்டார்கள் என்பது ஓடியது.

பட்டறை முதலாளி நாச்சிமுத்து காரை விட்டு இறங்கி வந்தார். லைன் வீடுகள் அவருடையவைதான். வாடகைக்குக்கூட ஆள் அனுப்புகிறவர், தானே வந்தார். கொடியில் அன்றைக்கு அவருடைய ராயல் ப்ளூ காய்ந்துகொண்டிருந்தது.

"என்னம்மிணி, நல்லா இருக்கறயா? இதென்ன தெருவுல தோரணம் கட்டி வெச்சிருக்கற?"

"துணி காயப் போட்டிருக்கறனுங்க."

"எங்க பட்டறையில இருந்து ஒரு சொட்டுத் தண்ணி வெளிய போறதில்ல, தெரியுமல்ல? அத்தனையும் சுத்தம் பண்ணித்தான் உடறோம்."

"அப்பறம் எதுக்குங்க துணியப் பாத்தாப் பயம்?"

நாச்சிமுத்துவின் முகம் மாறியது. அந்த வீட்டுக்கூரையின் கீழ் இப்படி ஒரு பதிலை அவர் கேட்டதில்லை. "இங்க பாரு, பொம்பள ஒண்டியா இருக்கறாளேன்னு ஊடு குடுத்தேன். ஆடி பதினெட்டுக்குள்ள அந்தத் தொட்டியச் சாக்கடைல கொட்டோணும். இல்ல, நீ சட்டி பொட்டியத் தூக்கோணும்."

 அந்தக் குறைந்த வாடகைக்குத் துளசிமணிக்கு ஊரில் வேறு வீடு கிடையாது, ஒண்டிப் பொம்பளைக்கு அறவே கிடையாது. ஆனாலும் வாய் அவளைக் கேட்காமல் சொல்லிவிட்டது: "ஊட்ட உட்டுப் போனாலும் போவேனே தவிர, அதைக் கொட்ட மாட்டனுங்க. நீங்களே கொட்டி ஒருக்கா கொன்னது போதும்."

மறுநாள் நாலு ஆட்களை அனுப்பினார். லாரியில் பேல் பேலாகத் துணி ஏற்றுகிற கட்டுமஸ்தான ஆட்கள். ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, "ஏ, தூக்கு, ஏ, தூக்கு" என்று மூச்சைக் கட்டினார்கள். மேசை முனகியது, தொட்டி நூலளவும் நகரவில்லை. துளசிமணி அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். "மலையில இருந்து கடல் வரைக்கும் கெடக்குதுங்ண்ணா, ஒரு மூலையப் புடிச்சுத் தூக்குனா வருமா?" என்றாள். அவர்கள் டீயைக் குடித்துவிட்டு, ஆற்றில் காலைக் கழுவலாமா என்று கேட்டு, கழுவ விடாமல் திட்டு வாங்கி, கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அதற்குமேல்தான் நாச்சிமுத்து வழியைக் கண்டுபிடித்தார். ஆடி பதினெட்டுக்கு முதல் நாள் மத்தியானம், லைன் வீடுகளின் கரண்ட் போர்டிலிருந்து மெயின் பீஸ் கட்டையைப் பிடுங்கிக் காரில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மோட்டார் நின்றது. எல்லா வீட்டிலும் பேன் நின்றது. ஆறு தொட்டிக்குள் கறுக்கத் தொடங்கியது, மீன்கள் மேலே வந்தன.

துளசிமணி ஒரு நொடிதான் நின்றாள். சோறு வடிக்கிற ஓட்டைத் தட்டை எடுத்தாள், அதன்மேல் காடாத் துணியை விரித்தாள், இடதுபக்கம் ஒரு சொம்பு மொண்டு துணிமேல் ஊற்றித் தொட்டிக்குள்ளேயே வடியவிட்டாள். மறுபடி மொண்டாள். வேலைக்குப் போகாத பெண்கள் வந்தார்கள், வேலைக்குப் போன பெண்கள் வேலை விட்டதும் அப்படியே வந்தார்கள், ஆம்பிளைகள் வாசலில் துணி கிழித்துக் கொடுத்தார்கள். ஒருத்தி மொள்ள, ஒருத்தி வடிகட்ட, ஒருத்தி பிழிய, கை வலித்தால் அடுத்தவள் மாற, நாச்சிமுத்துவை அவர் பாட்டன் காலம்வரைக்கும் வைதுகொண்டே ஆற்றைக் கையால் வடிகட்டினார்கள். பீஸ் கட்டையைப் பிடுங்கலாம், இத்தனை கையை எங்கே போய்ப் பிடுங்குவார்?

ஆடி பதினெட்டு விடிந்தது. ஆறு இருக்கிற இடத்தில்தானே பதினெட்டு கும்பிட முடியும்? இத்தனை வருசமாகப் போர்வெல் குழாயடியில் கும்பிட்டுக்கொண்டிருந்த ஊர்ப் பெண்கள் தட்டும் முளைப்பாரியுமாகத் துளசிமணி வீட்டு வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். அவள் கதவில் குறுக்கே நின்று, "பூ வேண்டாம், கற்பூரம் வேண்டாம், ஆளுக்கொரு கை காடாத் துணி. கும்பிட்டுட்டு நாலு சொம்பு வடிகட்டிட்டுப் போங்க" என்று சட்டம் போட்டாள். முணுமுணுத்தவர்களும் போய் எடுத்து வந்தார்கள்.

அந்த வரிசையில் ஒரு ஆளாக, பட்டுச்சேலையும் காடாத் துணியுமாக, நாச்சிமுத்துவின் மனைவி கோகிலவாணியும் நின்றாள். யாரும் அவளை முன்னால் விடவில்லை, அவளும் முந்தவில்லை. முறை வந்ததும் உள்ளே வந்து, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, சொம்பை வாங்கி வடிகட்டினாள். பிறகு தட்டிலிருந்து புதுத் தாலிக் கயிற்றை, மஞ்சள் பூசின கயிற்றை, எடுத்தாள். கழுத்தில் தங்கக்கொடி கிடந்தாலும் ஆடி பதினெட்டன்று ஆற்றில் நனைத்த மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டுதான் பழைய கயிற்றைக் கழற்றுவது அங்கே முறை. புருசனின் ஆயுசு அந்த மஞ்சளில் இருக்கிறதென்று நம்புகிறவள், கண்ணை மூடிக் கயிற்றை ஆற்றில் முக்கினாள்.

பதினெட்டுக்குப் பட்டறை லீவு. லீவு நாளில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அந்த நேரத்தில்தான் நாச்சிமுத்து கறுப்புச் சாயத் தொட்டியைத் திறந்துவிட்டிருந்தார். மோட்டார் ஓடியிருந்தாலும் கஷ்டம், கையால் எவ்வளவு பிடிக்க முடியும்? இடது கண்ணாடிக்குள்ளிருந்து கறுப்பு திமுதிமுவென்று வந்தது. கோகிலவாணி கண்ணைத் திறந்து கயிற்றைத் தூக்கியபோது அது தலைமயிர்க் கறுப்பாக இருந்தது. அவள் கையும் முழங்கை வரைக்கும் கறுப்பு.

 அந்தக் கறுப்பு யாருடைய கறுப்பென்று அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், கோகிலவாணிக்கும் தெரியும்.

"அக்கா, வேற கயிறு இருக்குது, தரட்டுங்களா?" என்றாள் துளசிமணி. அவளுக்கே பாவமாக இருந்தது.

"எத்தனை கயிறு தருவ நீயி?" என்றாள் கோகிலவாணி. பிறகு கழுத்திலிருந்த பழைய கயிற்றைக் கழற்றினாள். சுற்றி நின்றவர்கள் "ஐயோ, புதுசக் கட்டாமக் கழட்டக் கூடாதுங்க்கா" என்று பதறப் பதற, தங்கக்கொடியையும் சேர்த்துக் கழற்றித் தாலியோடு தட்டில் வைத்து, தட்டைத் தொட்டி மேசையில் வைத்தாள். "இந்தத் தண்ணில முக்குன கயிறு மஞ்சளா வெளிய வரட்டும். அன்னைக்குக் கட்டிக்கறேன். அது வரைக்கும் இது இங்கயே இருக்கட்டும் துளசிமணி." வெறுங்கழுத்தோடு நடுத்தெருவில் நடந்து வீட்டுக்குப் போனாள். சற்று நேரத்தில் பீஸ் கட்டையோடு திரும்பி வந்து, யாரையும் கேட்காமல் தன் கையாலேயே அதைப் போர்டில் செருகினாள். மோட்டார் ஓடத் தொடங்கியது.

உயிரோடு இருக்கிற மனுசன், எதிரில் வெறுங்கழுத்தோடு நின்று சோறு போடுகிற பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டு எத்தனை வேளை சாப்பிடுவான்? நாச்சிமுத்து கத்திப் பார்த்தார், சமாதானம் சொல்லிப் பார்த்தார், புதுக்கொடி வாங்கி வந்து பார்த்தார். அவள் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஊரில் செய்தி பரவி, மற்றப் பட்டறைக்காரர்களின் வீட்டுப் பெண்களும் ஒவ்வொருத்தியாக வந்து கயிறு முக்கிப் பார்த்தார்கள். ஊதா, மெரூன், கிளிப்பச்சை. தட்டுகள் அடுக்கி வைக்க இடமில்லாமல் துளசிமணி தன் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினாள். ஊரில் பெரிய மனுசன் என்று மீசை முறுக்கினவன் ஒருத்தன் விடாமல் வெளியே தலைகாட்டப் பயந்தான். குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபட்டன. எது அடைபட்டது, எது அடைபட்டதுபோல நடித்தது என்பதைக் கொடித்துணி தினமும் காட்டிக்கொடுத்தது.

ஐப்பசி அடைமழையில் ஒரு காலை, நாச்சிமுத்துவும் கோகிலவாணியும் சேர்ந்தே வந்தார்கள். அவர் ரொம்ப இளைத்திருந்தார். கோகிலவாணி மஞ்சள் கயிற்றை முக்கினாள், கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள், எடுத்தாள். மஞ்சள். சுத்தமான, சொட்டுகிற மஞ்சள். வாசலில் நின்ற ஜெசிந்தா குலவையே போட்டுவிட்டாள். நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கி, தட்டிலிருந்த தாலியை எடுக்கக் கை நீண்டது.

கோகிலவாணி அந்தக் கையை மெதுவாகத் தள்ளினாள்.

"இன்னைக்கு மஞ்சளா வந்துருச்சு, செரி. நாளைக்கு?"

"நாளைக்கும் வரும்" என்றார்.

"அப்ப நாளைக்கும் முக்கிப் பாக்கலாம். நாளான்னைக்கும் பாக்கலாம். அடுத்த பதினெட்டு வரைக்கும் இப்படியே வந்துச்சுன்னா, உங்க கையாலயே கட்டிக்கறேன்." கயிற்றைப் பிழிந்து தட்டில் போட்டுவிட்டு, அவள் பாட்டுக்குப் பாயை விரித்து உட்கார்ந்து மீனைப் பார்க்கத் தொடங்கினாள்.

நாச்சிமுத்து நின்றுகொண்டே இருந்தார். போகவும் முடியவில்லை, என்ன செய்வதென்றும் தெரியவில்லை. துளசிமணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மூட்டையைப் பிரித்து ஒரு கை காடாத் துணியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"சும்மா நிக்காதீங்க. பிசிறு வெட்டிக் குடுங்க, மோட்டார்ல சிக்கும்."

அவர் வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, கத்தரிக்கோல் எங்கே என்று கேட்டார்.